வாசகர் கேள்வி – பதில்: பயம் போடும் கணக்கு

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் ‘வேண்டாம்’ என்றே மனதில் படுகிறது. இது தேவன் தடுப்பதா, என் பயம் தடுப்பதா?

பதில்: பயம் பெரும்பாலும் முழுப்பொய் சொல்வதில்லை. கண்டதோடு காணாத ஒன்றையும் கூட்டிவிடும். தேவன் வாக்களித்த கானானை வேவுபார்க்க மோசே அனுப்பி, 40 நாள் சுற்றிப்பார்த்த 12 இஸ்ரவேலரும் கண்டது ஒரே தேசத்தைத்தான். அரணான பட்டணங்கள், பலத்த ஜனங்கள், இரண்டுபேர் தடியில் சுமந்து வந்த திராட்சக்குலை, இவற்றில் அவர்களுக்குள் தகராறே இல்லை. பத்துப்பேர் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: “நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம், அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம்” (எண்ணாகமம் 13:33). எதிரியின் பார்வையில் எப்படி இருந்தோம் என்று யாரிடம் விசாரித்தார்கள்? பின்னாளில் கானானின் எரிகோ பட்டணத்துப் பெண் ராகாப் இஸ்ரவேலரிடம் சொன்னதோ நேர்மாறு: உங்கள் செய்தியைக் கேட்டு எங்கள் இருதயம் கரைந்துபோயிற்று (யோசுவா 2).

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். மருத்துவர் சொன்னதும் பரிசோதனை அறிக்கையில் உள்ளதும் இடப்பக்கம். நடக்குமென்று நீங்கள் நினைப்பது வலப்பக்கம். பலர் சறுக்குவது இங்கேதான். ‘எழுந்து வரமாட்டேன்’ என்பதை இடப்பக்கத்தில் எழுதிவிடுவார்கள். உங்களோடு மருத்துவமனைக்கு வந்தவர் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார் என்றால் அது வலப்பக்கத்துக்குரியது.

வலப்பக்க வரிகளைக் கேள்விகளாக மாற்றி மருத்துவரிடமே கேளுங்கள். செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா, எத்தனை நாள் பொறுக்கலாம்? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். பொறுக்கலாம் என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம். பொறுக்கக்கூடாது என்று அவர் சொன்னபிறகும் ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறேன்’ என்று நாள் கடத்தினால், அது பயத்துக்குப் பக்திப் பெயர் சூட்டுவது.

கேள்வி: குடும்பத்தில் அடுத்தடுத்துப் பிரச்சினை. எனக்கென்று யாருமில்லை. சபையில் செய்யும் ஊழியத்தை விட்டுவிடலாமா?

பதில்: இந்த வாரம் முடிவு எடுக்காதீர்கள். தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா, “நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்” என்றார் (1 இராஜாக்கள் 19). ஆனால் 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்திருப்பதாக அரண்மனை அதிகாரி ஒபதியா அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது. கேட்டதையும் பயம் மறக்கடித்துவிடும்.

தேவன் அவரை நடத்திய வரிசையைக் கவனியுங்கள். சூரைச்செடியின் கீழ்த் தூக்கம், இரண்டுமுறை சாப்பாடு. “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி வந்தது அதற்குப் பிறகுதான். கடைசியில் அடுத்த வேலை, பாகாலை வணங்காதவர் 7,000 பேர் என்ற சரியான கணக்கு, கூட நடக்க எலிசா என்ற துணை. நாமோ பட்டினியும் தூக்கமின்மையுமாக, கடைசிப்படியான முடிவிலிருந்தே தொடங்குகிறோம். மனம் வறண்ட வேளையில், தெளிவாயிருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் விதி வகுத்தார். நன்றாகத் தூங்கி, நம்பிக்கையான ஒருவரிடம் பேசியபின் யோசியுங்கள். தூக்கமே வராத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்; அது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: ‘பயப்படாதே’ என்று வேதத்தில் 365 முறை இருக்கிறதாமே. அப்படியானால் பயப்படுவது பாவம்தானே?

பதில்: அந்த 365 பிரசங்க மேடைக் கணக்கு, எண்ணிப் பார்த்தால் வராது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே “திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்” தொடங்கினார் (மாற்கு 14:33). அதை மூன்று சீஷரிடம் மறைக்கவில்லை. பிதாவிடம் திரும்பத்திரும்பச் சொன்னார். பயம் வருவது வேறு, பயத்தைக் கேட்டு நடப்பது வேறு.

கேள்வி: முடிவெடுக்கப் பயமாக இருக்கும்போது கிதியோனைப்போல அடையாளம் கேட்கலாமா? வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து வரும் வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பனி தோலில் மட்டும் பெய்தால் அதுவே அடையாளம் என்று கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டது வழி தெரியாமல் அல்ல. என்ன செய்யவேண்டும் என்று தேவன் அதே அதிகாரத்தில் முன்பே சொல்லியிருந்தார் (நியாயாதிபதிகள் 6:14). ஒரு அடையாளம் கிடைத்தும் ஆறாமல், மறுநாளைக்கு நேர்மாறான அடையாளத்தைக் கேட்டார். தேவன் பொறுத்துக்கொண்டார் என்பதால் அது நமக்கு முறையாகிவிடாது. கண்மூடித் திறப்பதில் இன்னொரு சிக்கல்: பிடிக்காத வசனம் வந்தால் மறுபடியும் திறப்போம். அப்போது வசனத்தைத் தேர்ந்தெடுப்பது பயம்தான்.

பயத்தில் அரசர் சவுல் செய்ததும் பக்தியான காரியமே. ஏழு நாளில் வந்து பலியிடுவதாகச் சொன்ன தீர்க்கதரிசி சாமுவேல் ஏழாம் நாளும் வரவில்லை, வீரர்கள் சிதறினார்கள். பதறிப்போய்த் தானே பலியிட்டார். இட்டு முடித்தவுடன் சாமுவேல் வந்து நின்றார் (1 சாமுவேல் 13). ஆகவே அடையாளத்தைத் தேடுமுன், இந்தக் காரியத்தைப் பற்றி வேதம் ஏற்கெனவே என்ன சொல்கிறது என்று பாருங்கள். தெளிவாகச் சொல்லியிருந்தால் அடையாளம் தேவையில்லை. இல்லையென்றால், முடிவால் லாபமோ நஷ்டமோ இல்லாத முதிர்ந்த விசுவாசிகள் இரண்டுபேரிடம் தனித்தனியே கேளுங்கள். சேர்த்துவைத்துக் கேட்டால் ஒருவர் சொல்வதையே மற்றவரும் சொல்வார்.