நித்தியமான சொர்க்கம் ஒரு கட்டத்தில் தாங்க முடியாததாகிவிடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள், நெருங்கிய ஒருவரை அண்மையில் இழந்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் அம்மாவின் பதினாறாம் நாளன்று உறவினர் ஒருவர், "இனி அக்காவுக்கு நிரந்தர ஓய்வு" என்று ஆறுதல் சொன்னார். அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

அம்மா தாராவியில், 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில், 31 ஆண்டுகள் இட்லி அவித்து சைக்கிள் வியாபாரிகளுக்குக் கொடுத்தவர். மதியம் அரிசியும் உளுந்தும் ஊறும். மாலையில் மாவாட்டி, விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஈரத் துணி விரித்த தட்டுகளில் மாவை ஊற்றுவார். வெந்த இட்லியைத் துணியோடு கவிழ்த்து, மேலே தண்ணீர் தெளித்து உரிக்கும்போது அவருடைய விரல் நுனிகள் சிவந்திருக்கும். கல்லூரியில் படித்த திமிரில் ஒருநாள், "தினமும் இதையே செய்யச் சலிக்கவில்லையா?" என்று கேட்டேன். "ஏலே, நேத்துத் தின்னவனுக்கு இன்னைக்குப் பசிக்காதால?" என்றார்.

வறுமைக்குப் புனிதம் பூசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த உழைப்பில் அவருடைய முழங்கால்கள் தேய்ந்ததை நான் மறக்கவில்லை. நான் பேசுவது சலிப்பைப் பற்றி மட்டுமே.

சாகாத வாழ்வு சலித்தே தீரும் என்று 1973இல் வாதிட்ட ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ், 342 ஆண்டுகள் வாழ்ந்தும் 42 வயதிலேயே நின்றுவிட்ட எலினா என்ற நாடகப் பாத்திரத்தைச் சான்றாகக் காட்டினார். நடக்கக்கூடியதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பது அவருடைய வாதம். அம்மாவுக்கும் ஒவ்வொரு நாளும் நடந்ததேதான் நடந்தது. ஆனால் அவருடைய கண் தன் நாளின்மீது இல்லை, வாசலில் சைக்கிளோடு நிற்பவனின்மீது இருந்தது. இந்திரரின் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனித்து உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கிறது என்கிறது புறநானூற்றின் 182ஆம் பாடல். எலினாவிடம் இல்லாமற்போனது இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்தர்கள் என்மீது வருத்தப்பட வேண்டாம். புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கத்திலிருந்து மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று கீதையின் 9ஆம் அத்தியாயமே சொல்வதால், நம் சொர்க்கத்துக்கும் ஒரு கெடு உண்டு. முத்தி வேறு, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் மூன்று மணிக்கு விழித்து, அடுப்புப் பற்றவைத்தாயிற்றா என்று கேட்டவர் அவர். பசியே இல்லாத இடம்தான் சொர்க்கம் என்றால், முடிவிலாக் காலம் வரை எதற்கு, அம்மாவுக்கு அங்கே முதல் விடியலே தாங்காது.