வாசகர் கேள்வி–பதில்: செட்டிநாட்டை நடந்தே பார்க்க எங்கே தங்கலாம்?

கேள்வி: பிப்ரவரியில் மூன்று நாள் வருகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கார் வைத்துக்கொள்ளாமல், முடிந்தவரை நடந்தே பார்க்க ஆசை. குன்றக்குடி மலையடிவாரத்தில் தங்கலாமா? கானாடுகாத்தானா, காரைக்குடியா? (வாசகி, கோவை)

பதில்: கானாடுகாத்தானில் தங்குங்கள். அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் சொல்கிறோம்.

குன்றக்குடியில் சண்முகநாதர் இருப்பது குன்றின் மேல். படி ஏறித்தான் ஆக வேண்டும். அடிவாரத்தில் பாண்டியர் காலக் குடைவரைகள் உண்டு, தவறவிடாதீர்கள். ஆனால் ஊர் காரைக்குடி–திருப்பத்தூர் சாலையை ஒட்டியே இருப்பதால் பேருந்துச் சத்தம் ஓயாது, தங்குமிடங்களும் குறைவு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடிக் கூட்டம் ஊரையே நிறைத்துவிடும். தைப்பூசம் சில ஆண்டுகளில் பிப்ரவரியில் வரும், எனவே காலண்டரைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

குன்றக்குடிக்கு ஒரு காலைப் பொழுது போதும். காரைக்குடியிலிருந்து சுமார் 10 கி.மீ.; வெயிலுக்கு முன் மலை ஏறி இறங்கிவிட்டு, அருகிலேயே உள்ள பிள்ளையார்பட்டிக்கு ஆட்டோவில் போங்கள். அங்கே கற்பக விநாயகர் குன்றின் அடியிலேயே இருக்கிறார், அம்மாவுக்கு மலைப்படி ஏறும் வேலை இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் அங்கே இருப்பது நல்லது.

கானாடுகாத்தான் தெருக்கள் சமதளம், நேர்க்கோடு. பெரிய வீடுகள் எல்லாம் நடக்கிற தூரத்தில். மரநிழல் மட்டும் குறைவு. வடக்கு தெற்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்குப் பக்கச் சுவரையும் மாலையில் மேற்குப் பக்கச் சுவரையும் ஒட்டி நடந்தால் நிழல் கிடைக்கும். உச்சி வெயில் நேரத்தில் இரு பக்கமும் நிழல் குறைவுதான்; அப்போது வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்திருப்பதே சுகம். தரை ஓடுகளுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்கு நடக்க முடியாது, ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி வாடகை பேசிக்கொள்ளுங்கள்.

காரைக்குடி பேருந்து வசதிக்கும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கும் ஏற்ற ஊர். நிம்மதியாக நடக்க ஏற்றதல்ல.

கேள்வி: பழைய செட்டிநாட்டு வீட்டில் அறை எடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: முதலில் வாசல். இந்த வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீள்பவை. விருந்தினருக்கு எந்த வாசலைத் திறந்துவிடுகிறார்கள் என்று கேளுங்கள். தவறான தெருவில் பெட்டியோடு இறங்கினால் முழு வரிசையையும் சுற்றி வர வேண்டியிருக்கும்.

அடுத்தது அறை கீழா, மாடியா என்பது. மாடிப்படி பெரும்பாலும் செங்குத்து, குறுகல். பெரியவர்கள் இரவில் இறங்கக் கூடாதது. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் கீழ்த்தளத்தைக் குளிர்ச்சியாக வைக்கும். மாடி அறையோ மொட்டைமாடிச் சூட்டை வாங்கி இரவிலும் புழுங்கும். ஏப்ரல், மே என்றால் மாடி அறையை நாங்கள் பரிந்துரைக்கவே மாட்டோம்.

குளியலறை பிற்காலத்தில் சேர்த்ததாகவே இருக்கும். அறையோடு சேர்ந்ததா, வளவைக் கடந்து போக வேண்டுமா, எத்தனை படி என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிலைப்படிகள் உயரமானவை, படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு எரியுமா என்பதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வளவில் மழை நேராக விழும், சுற்றுத்தாழ்வாரத் தரை ஈரத்தில் வழுக்கும்.

சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆள் கணக்குப் பார்த்துத்தான் அரைத்துச் சமைப்பார்கள். சிற்றூர்களில் இரவு எட்டரைக்கு மேல் வெளியே கடை தேடி அலைவது வீண்.

கேள்வி: பிரான்மலை ஏற எங்கே தங்குவது? (வாசகர், தஞ்சை)

பதில்: சிங்கம்புணரி அல்லது (சிவகங்கை மாவட்டத்துத்) திருப்பத்தூர். காரைக்குடியிலிருந்து கிளம்பினால் வெயில் முந்திக்கொள்ளும். பாரியின் பறம்பு என்று போற்றப்படும் இந்த மலை சுமார் 2,500 அடி உயரம். கொடுங்குன்றநாதர் கோயில் அடிவாரத்திலேயே இருக்கிறது; உச்சிக்குப் போகிறவர்கள் விடியும்போதே ஏறத் தொடங்க வேண்டும். தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு அவசியம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் பாறையில் கால் வழுக்கும், மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள்.