உயரக்காரர்கள் இருவர்தான், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் உயரமானவர்கள் இருவர்தான். பாதி ஆட்டத்துக்குள் இருவருக்கும் மூன்று ஃபவுல் ஆகிவிடுகிறது. யாரை எப்போது மாற்றுவது?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தவறு பெரும்பாலும் கூடையருகே நிற்கும் உயரக்காரரான சென்டருடையது அல்ல. வெளியே நின்று தடுக்கும் கார்டு ஏமாந்துவிட, உள்ளே பாயும் எதிரணி வீரரிடம் சென்டர் தாமதமாகப் போய்க் கையை வீசுகிறார். பந்து விங்கில் (பக்கவாட்டில்) இருக்கும்போதே அவர் ஒரு காலைப் பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னுள்ள கட்டத்துக்குள்) வைத்துக் காத்திருக்கட்டும். சர்வதேச விதியில் பெயின்ட்டுக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு தாக்கும் அணிக்கு மட்டும்தான், அமெரிக்க லீகான என்.பி.ஏ. பார்த்துக் குழம்ப வேண்டாம். தடுக்கும்போது கை நேராக மேலே போகட்டும், கீழ்நோக்கி வெட்டக் கூடாது.

ஐந்தாவது ஃபவுலில் வெளியேற்றம். அதனால் இருவரையும் சேர்த்து இறக்காதீர்கள். 10 நிமிடக் கால்பகுதியில் ஆளுக்கு ஐந்து நிமிடம். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனவர் உடனே வெளியே. நம் கடலோரப் புழுக்கத்தில் கால் சீக்கிரம் கனக்கும், கால் நகராதபோதுதான் கை முந்துகிறது.