பெரிய டிக்கி வைத்த கார்கள் ஏன் குறைகின்றன? சில கேள்விகள், சில பதில்கள்

டொயோட்டா க்ரௌன், மார்க் டூ, நிசான் செட்ரிக் என்று ஒரு காலத்தில் கல்யாண வீட்டு வாசலில் நின்ற கார்கள் நல்ல கார்கள்தானே? பிறகு ஏன் நிறுத்தினார்கள்? (கொக்குவில்)

நல்ல கார்கள்தான். ஆனால் கொம்பனி பார்ப்பது ஒரு காரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை. அடித்தளம், இயந்திரம், கியர்பெட்டி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, உடம்பை உயர்த்திப் பின்னால் பெரிய கதவு போட்டால் அதே கார் எஸ்யூவி ஆகிவிடும். செலவு அவ்வளவாகக் கூடாது, விலையைக் கூட்டலாம். தோசை மாவிலேயே நெய்த்தோசை சுட்டு விற்கிற வியாபாரம். வாங்குகிறவர்களும் உயர்ந்த காரைத்தான் கேட்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமும் ஒத்தாசை செய்தது. அங்கே எரிபொருள் சிக்கன இலக்கு காருக்கு ஒன்று, ‘இலகு ட்ரக்’ வகைக்கு வேறொன்று. நான்கு சில்லும் இழுக்கிற உயர்ந்த எஸ்யூவி பெரும்பாலும் ட்ரக் கணக்கில் போய்விடும். அந்த இலக்கு தளர்வானது. அப்படியிருக்க எந்தக் கொம்பனி பெரிய செடானோடு, அதாவது பின்னால் டிக்கி வைத்த தாழ்ந்த காரோடு, மல்லுக்கட்டும்? 2018 ஏப்ரலில் ஃபோர்ட், வட அமெரிக்காவில் மஸ்டாங்கைத் தவிர மற்றக் கார்களை ஏறத்தாழ முழுதாகக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2019இல் அதன் டோரஸ் நின்றது. செவ்ரோலே இம்பாலா 2020, டொயோட்டா அவலோன் 2022, கிரைஸ்லர் 300 2023 என்று வரிசையாகப் போயின.

யப்பானிலும் இதே கதைதான். 1968இல் தொடங்கிய மார்க் டூ பரம்பரை, மார்க் எக்ஸோடு 2019இல் முடிந்தது. டாக்சி வகையைத் தவிர்த்து, செட்ரிக் 2004இலேயே போய்விட்டது, அதன் இடத்துக்கு வந்த ஃபூகாவும் 2022இல் போனது. 1955இலிருந்து வரும் க்ரௌன் மட்டும் பிழைத்துக்கொண்டது. அதுவும் 2022இல் உயரம் கூட்டிய உருவத்தில் வந்து, செடான் அடுத்த வருடந்தான் வந்தது.

இன்னொன்று, இந்தக் கார்களை மொத்தமாக வாங்கியவர்கள் பொலிசும் டாக்சிக்காரரும். அமெரிக்கப் பொலிசின் அடையாளமாக இருந்த ஃபோர்ட் க்ரௌன் விக்டோரியா 2011இல் நின்றது; அப்புறம் பொலிஸ் பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிக்கு மாறியது. யப்பானில் க்ரௌன் கொம்ஃபோட் டாக்சியின் இடத்தை 2017இல் கூரை உயர்ந்த புது டாக்சி பிடித்தது. மொத்த வியாபாரம் கைவிட்டுப் போனால் தொழிற்சாலை என்ன செய்யும்?

நம் இலங்கையில் எல்லாவற்றுக்கும் மேல் வரி. இயந்திரத்தின் சிசிக்குத்தான் வரி போடுகிறார்கள். 2500 சிசி செடானை இறக்குகிற காசுக்குக் காணி வாங்கலாம் என்று யோசிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

பிரேமியோ ஒன்று பார்த்திருக்கிறேன். உற்பத்தி நின்றுவிட்டதே, பிறகு பார்ட்ஸ் கிடைக்குமா? (மானிப்பாய்)

பிரேமியோவும் அலியனும் 2021 மார்ச்சில் நின்றன, உண்மை. ஆனால் கார் நின்றால் இயந்திரமும் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 1500 சிசி பிரேமியோவில் இருக்கிற 1என்இசட் இயந்திரம் கொரொல்லா அக்சியோவிலும் புரொபொக்ஸிலும் ஓடியது. அதை அறியாத மெக்கானிக் யாழ்ப்பாணத்தில் இருந்தால் எனக்கு ஆச்சரியம். கஷ்டம் வெளி உடம்பில்தான்: முன் விளக்கு, பம்பர், கதவு விளிம்புக் குரோம். அவை உடைந்தால் தேடி அலையவேண்டியிருக்கும். ஆகவே விளக்கில் வெடிப்பு இருந்தால் விலையில் பேசுங்கள்.

பெயின்ற் பளபளப்பைப் பார்த்து மயங்கவேண்டாம். சீற் பெல்ற்றை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த கடைசிப் பகுதியில் மண்ணிறக் கோடு தெரிந்தால் அந்தக் கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. பிறகு டிக்கியில் ஸ்பெயர் சில்லைத் தூக்கி, அடியில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லையென்றாலும் வேண்டாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய கார்களின் விலை ஏறியதற்கு அது பெரிய காரணம். பிரேமியோ விலை இன்னும் நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஒழுங்கை முழுக்கக் கிடங்கு, மாரியில் வெள்ளம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். எஸ்யூவி எடுக்கலாமா? (சாவகச்சேரி)

அம்மாவுக்காக என்றால் எடுங்கள், தம்பி. உயர்ந்த காரில் இருக்கை இடுப்பு மட்டத்தில் இருக்கும், திரும்பி உட்கார்ந்தால் போதும். பெரிய செடானில் கீழே இறங்கி, எழும்பும்போது முழங்காலை ஊன்றவேண்டும். கார் சேலுக்கு அம்மாவையும் கூட்டிப்போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

வெள்ளத்துக்காக என்றால் நம்பவேண்டாம். காற்றை இழுக்கிற குழாய்க்குள் தண்ணீர் போனால் எந்த இயந்திரமும் இறுகிவிடும். எஸ்யூவி என்று விற்பதில் பலவற்றுக்கு முன் சில்லுகள் மட்டுந்தான் இழுக்கும். மாதாமாதம் ஏ9இல் கொழும்புக்கு ஓடுகிறவர் என்றால் செடானைத்தான் சொல்வேன். தாழ்ந்த காருக்குக் காற்று எதிர்ப்புக் குறைவு, பெற்றோல் மிஞ்சும், வளைவில் ஆடாது.

ஸ்காபரோவில் அவலோன் வைத்திருக்கிறேன். விற்றுவிடட்டா? (கனடா)

வேண்டாம். அதே வி6 இயந்திரந்தான் கம்ரியிலும் லெக்ஸஸ் ஈஎஸ்ஸிலும் ஓடியது. ஓடுங்கள்.

மின்சாரக் கார் வந்தால் செடான் திரும்புமா? (பருத்தித்துறை)

ஓரளவுக்கு. பற்றரி தரைக்குக் கீழே இருப்பதால் தளம் உயரும், பின்னால் இருப்பவரின் முழங்கால் மேலெழும்பும். செடானுக்கு அது இடைஞ்சல். ஆனால் ஒரு சார்ச்சில் கூடத் தூரம் ஓட உடம்பு தாழ்வாக இருப்பது நல்லது. சீனாவில் பிவைடி ஹானும் சீலும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் பல வருடமாகக் கொட்டிலுக்குள் நிற்கிறது. இரும்புக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். (நல்லூர்)

கொடுக்காதீர்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது நாலு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடிய வர்க்கம் அது. அமுக்க விகிதம் குறைவு, காபரேற்றர் எளிமை, அதனால்தான் தாங்கியது. உங்களுடையது 1489 சிசி என்றால் இன்னும் நல்லது. இந்தியாவின் அம்பாசிடரும் நெடுங்காலம் அதே பி வரிசை இயந்திரத்தில்தான் ஓடியது. அம்பாசிடர் உற்பத்தி 2014வரை நடந்தது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வைத்தால் உள் சாமான்கள் சில கிடைக்கும்.

ஆனால் ஆசையில் உடனே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பழைய பெற்றோலை இறக்கி, ரப்பர்க் குழாய்களை மாற்றுங்கள். பிறேக் சிலிண்டர் வாசர்களை மாற்றாமல் ஒழுங்கைக்குள்கூட எடுக்கவேண்டாம்.