கனவு கன்வெர்ட்டிபிளா, டியாகோ இ.வி.யா?

கேள்வி: கோவையில் ஐ.டி. வேலை. வயது 31. பிடித்தம் போகக் கைக்கு 95,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 8 லட்சம். 2017 மாடல் மினி கூப்பர் எஸ் கன்வெர்ட்டிபிள் (துணிக்கூரையைத் திறந்து மூடும் பெட்ரோல் கார்) ஒன்று 22 லட்சத்துக்கு வருகிறது. கல்லூரி நாளிலிருந்தே அந்தக் காரின் மேல் ஆசை. வீட்டிலோ டாடாவின் மின்சாரக் காரான டியாகோ இ.வி.யைப் புதிதாக எடுக்கச் சொல்கிறார்கள், ஆன்-ரோடு 11.5 லட்சம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுவேன். எதை வாங்கலாம்?

பதில்: ஆசையைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சம்பளத்துக்கு அந்தக் கார் இப்போது வேண்டாம்.

சேமிப்பு மொத்தத்தையும் கொட்டினாலும் 14 லட்சம் கடன் வாங்கவேண்டும். பழைய காருக்கு 13% வட்டி, ஐந்து வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 31,850. ஊருக்குள் லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் பெட்ரோலுக்கு 9,100. ஆக, மாதம் 41,000 போய்விடும். அவசரத்துக்குக் கையில் ஒரு ரூபாய்கூட இருக்காது. எனக்குப் பயம் அதில்தான்.

டியாகோவுக்கு 5 லட்சம் மட்டும் கட்டுங்கள், 3 லட்சத்தைத் தொடாதீர்கள். மீதி 6.5 லட்சத்துக்கு 9% வட்டியில் இ.எம்.ஐ. 13,500. யூனிட்டுக்கு 7 கி.மீ. என்றால் மாதம் 143 யூனிட். வீட்டின் இரு மாத மின் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் சலுகையும் குறையும் என்பதால், யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே போட்டிருக்கிறேன். அப்படியும் 1,430 ரூபாய்தான். மூன்றாம் நபர் காப்பீடும் 2022 கட்டணப்படி டியாகோவுக்கு வருடத்துக்கு 2,904 ரூபாய், 1,998 சி.சி. மினிக்கு 7,897.

மினியை ஒருமுறை பார்த்துவிட்டாவது வாருங்கள். கூரையை மூடி, மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து, பின்சீட்டுக்குக் கீழே கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால் ரப்பர் பட்டையோ வடிகால் துளையோ போயிருக்கிறது. துணிக்கூரை, அதைத் தூக்கும் பம்ப், ரன்-ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) எல்லாமே செலவு; ஒன்று போனாலும் அந்த மாத பட்ஜெட் தாங்காது.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? அப்படியானால் டியாகோவுக்கு அட்வான்ஸ் கட்டும் முன், உங்கள் பார்க்கிங்கில் உங்கள் மீட்டரிலிருந்து 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் இழுக்கச் சங்கத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அது கிடைக்காமல் தினமும் வெளியே சார்ஜ் போடவேண்டி வந்தால், இந்த 1,430 கணக்கு நிற்காது. அப்போது மறுபடி எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.