புடவைக்கும் எதிர்காற்றுக்கும் ஏற்ற சைக்கிள்

கேள்வி: ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு தினமும் பழைய லேடீஸ் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். ஆடி மாதம் காவிரிப் பாலத்தில் எதிர்காற்றில் மிதிக்கவே முடியவில்லை. புடவை கட்டுவதால் பார் வைத்த வண்டி சரிவராது. இலேசான வண்டி வாங்கலாமா? கியர் வேண்டுமா?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: வாங்கலாம். கேரியர், ஸ்டாண்டோடு உங்கள் இரும்பு வண்டி 20 கிலோவை நெருங்கும். அலுமினிய ஃபிரேமில் 14 கிலோ சுமாருக்குக் கிடைக்கிறது. ஆனால் ஃபிரேமை விட நான் முதலில் பார்ப்பது சக்கரத்தைத்தான். அலாய் ரிம்மும் மெல்லிய டயரும் இருந்தால் மிதித்ததும் வண்டி பாயும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்ததைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார். வேண்டாம், வீண் எடை.

கியரில்தான் சிக்கல். செயின் பல் மாறி ஓடும் கியர் வண்டிக்கு முழு செயின் கவர் போட முடியாது, புடவை கறையாகும். உங்கள் பாதை சமதளம்தானே? கியர் இல்லாததையே எடுத்து, பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம் (ஃப்ரீவீல்) 18 பல்லாக இருந்தால் 20 பல் போடச் சொல்லுங்கள். காற்றில் மிதிப்பது இலகுவாகும். பின்சக்கரத்தில் புடவை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டையும் மறக்காதீர்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது பெடலை ஓங்கி மிதியுங்கள். நடு பார் இல்லாத வண்டியில் ஃபிரேம் தரம் குறைந்ததாக இருந்தால், அது பக்கவாட்டில் நெளிவது காலிலேயே தெரியும். அப்புறம், அதுவரை பழைய வண்டியின் சீட்டை உயர்த்துங்கள்: குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நீளவேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குக் காற்றும் அடியுங்கள்.