டாம்கேட்டில் மறுநிறுவல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆன்ட் (ஜாவா செயலிகளைக் கட்டும் கருவி) பில்டிலிருந்து, ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வரான டாம்கேட் 9-இல் நிறுவ முயன்றால் 403 வருகிறது. கடவுச்சொல் சரிதான்.

பதில்: கடவுச்சொல் தவறென்றால் 401 வந்திருக்கும். 403 என்றால் அனுமதி இல்லை என்று பொருள். அந்தப் பயனருக்கு ‘மேனேஜர்-ஸ்கிரிப்ட்’ ரோல் (அனுமதி வகை) வேண்டும்; பழைய ‘மேனேஜர்’ ரோல் டாம்கேட் 7 முதல் செல்லாது. ரோல் சரியாக இருந்தும் 403 வந்தால், பில்டு வேறு கணினியிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள்; நிறுவல் கோரிக்கைகளை ஏற்கும் டாம்கேட்டின் மேனேஜர் செயலி இயல்பாக உள்ளூர் முகவரியை, அதாவது அதே கணினியை, மட்டுமே உள்ளே விடும்.

கேள்வி: கடவுச்சொல்லை பில்டு கோப்பிலேயே எழுதலாமா?

பதில்: கூடாது. மூலநிரல் களஞ்சியத்துக்குள் போகாத தனிக் கோப்பில் வையுங்கள்.

கேள்வி: கர்ல் (கட்டளை வரியிலிருந்து வலைக் கோரிக்கை அனுப்பும் கருவி) கொண்டு வார் கோப்பை (செயலி முழுவதும் அடங்கிய பொதி) அனுப்புகிறோம். ஸ்கிரிப்ட் ‘வெற்றி’ என்கிறது, செயலி ஓடவில்லை. உடனே தீர்வு சொல்லுங்கள்.

பதில்: லாக்கின் ஒரு வரியைக்கூட அனுப்பாமல் தீர்வு கேட்கிறீர்கள். காரணத்தை என்னால் ஊகிக்க முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் ஏன் பொய் சொல்கிறது என்பதைச் சொல்ல முடியும். ஸ்கிரிப்ட்டுகள் அழைக்கும் மேனேஜரின் டெக்ஸ்ட் முகவரி, நிறுவல் தோற்றாலும் பெரும்பாலும் 200 (வெற்றிக்கான எண்) என்றே பதில் தரும். உண்மை நிலை பதிலின் முதல் சொல்லில்தான் இருக்கிறது. ‘ஓகே -’ என்று தொடங்கினால் முடிந்தது, ‘ஃபெயில் -’ என்று தொடங்கினால் முடியவில்லை. கர்லோ 200-ஐப் பார்த்துவிட்டுச் சுழியத்துடன் (பிழையில்லை என்று பொருள்) வெளியேறும், ஸ்கிரிப்ட்டும் அதை நம்பும். முன்பு நான் பணிபுரிந்த ஓரிடத்தில் வெள்ளி மாலை இப்படி ஒரு ‘வெற்றி’யைப் பார்த்துவிட்டு அனைவரும் வீட்டுக்குப் போனோம், திங்கள் காலை பயனர்கள் அழைத்த பிறகுதான், செயலி நிறுவப்பட்டும் அதன் கான்டெக்ஸ்ட் (டாம்கேட்டுக்குள் அது ஓடும் சூழல்) தொடங்கவில்லை என்ற வரி அந்தப் பதிலிலேயே இருந்தது தெரிந்தது. இரண்டு நாள் சேவை இல்லாமல் போனதற்கு, ஒரு வரியை யாரும் படிக்காததே காரணம். ஆகவே பதிலைக் கோப்பில் பிடித்து, முதல் சொல் ‘ஓகே’ இல்லையென்றால் பில்டை நிறுத்துங்கள். டாம்கேட் தரும் ஆன்ட் டாஸ்க்குகள் இந்தச் சோதனையைத் தாமே செய்கின்றன. ‘அப்டேட்’ கொடுத்தால் பழைய செயலி முதலில் அகற்றப்படும் என்பதால், பழைய வார் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: வார் கோப்பை நேராக, டாம்கேட் செயலிகளை வைக்கும் வெப்ஆப்ஸ் அடைவில் நகலெடுத்தால் என்ன?

பதில்: ஓடும் சர்வர் ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை அந்த அடைவைப் பார்க்கிறது. பாதி வந்த கோப்பை அது விரிக்கத் தொடங்கினால் பிழைதான். அதே வட்டில் வேறிடத்தில் முழுதாக இறக்கி, பிறகு நகர்த்துங்கள்.

கேள்வி: பயனர்கள் வெளியேறாமல் புதிய பதிப்பை ஏற்ற முடியுமா?

பதில்: டாம்கேட் 7 முதல் முடியும். கோப்புப் பெயரில் இரட்டை ஹாஷ் குறியிட்டுப் பதிப்பு எண்ணைச் சேருங்கள். பழைய செஷன்கள் (ஏற்கெனவே உள்ளே இருக்கும் பயனர்களின் அமர்வுகள்) பழைய பதிப்பிலேயே தொடரும், புதியவர்கள் புதியதற்குப் போவார்கள். பதிப்பு எண் எழுத்துச்சரமாகவே ஒப்பிடப்படுவதால் 9-க்குப் பிறகு 10 வராது. 009, 010 என்று எழுதுங்கள்.

கேள்வி: 20 முறை மறுநிறுவினால் நினைவகம் நிரம்பிவிடுகிறது.

பதில்: பழைய செயலியின் கிளாஸ்லோடரை (அதன் நிரலை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) ஏதோ ஒன்று விடாமல் பிடித்திருக்கிறது, நிறுத்தப்படாத த்ரெட்டையும் பதிவு நீக்கப்படாத ஜேடிபிசி டிரைவரையும் (தரவுத்தள இணைப்பி) முதலில் தேடுங்கள். மேனேஜரில் இத்தகைய கசிவைத் தேடும் ‘ஃபைன்ட்லீக்ஸ்’ கட்டளை உண்டு. அது முழுக் குப்பை சேகரிப்பை (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பது) தூண்டும் என்பதால் நெரிசல் நேரத்தில் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: டாம்கேட் 10-க்கு மாறினோம், அதே ஸ்கிரிப்ட், அதே வார், எல்லாப் பக்கமும் 404.

பதில்: குறை ஸ்கிரிப்டில் இல்லை. செயலியின் நிரல் அழைக்கும் ‘ஜாவாக்ஸ்’ பொதிப்பெயர்கள் 10-இல் ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டன. செயலியை மாற்றித் திரும்பக் கட்டுங்கள். அதுவரை 9-ஐயும் பழைய வாரையும் அழிக்காதீர்கள்.